கிளிக்குத் தொண்டை திறக்கும்வரை

என் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடுவார்கள். ஒடிசலான உடம்பு. பேச்சு வாயைவிட்டு வெளியே வரவே யோசிக்கும். கத்தரிக்கோல் கேட்டால்கூட, "அக்கா, உங்களுக்கு இப்ப வேணாம்னா குடுங்க" என்பாள். ஆனால் பழி வாங்குவது எப்படி என்று நான் பாடம் படிக்க வேண்டுமென்றால் அவளிடம்தான் போய் உட்காருவேன். கத்தி எடுக்கவில்லை, சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. சாகக் கிடந்த ஒரு கிளிக்கு மருந்து கொடுத்தே ஒரு மனிதனைக் கவிழ்த்தாள்.

எங்களுடையது சோபா பட்டறை. பழைய சோபாவைப் பிரித்து, மரச்சட்டத்தை இறுக்கி, புது ஃபோம் வைத்து, மேலே துணியோ ரெக்ஸினோ தைத்துக் கொடுப்போம். அவளுடைய புருஷன் இங்கே சூப்பர்வைசர். பட்டறையில் அவனுக்குப் பெயர் 'தங்கம்'. அப்போதெல்லாம் நானும் 'அவர்' என்றுதான் சொல்வேன். இப்போது அந்த மரியாதைக்கு எனக்கு மனம் வரவில்லை. யார் விரலில் ஊசி ஏறினாலும் பஞ்சை எடுத்துக்கொண்டு முதலில் ஓடி வருவான். வயதான அம்மா யாராவது சோபா பார்க்க வந்தால் அவர் கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்புவான். ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் நானே, "அந்தத் தங்கத்தப் பாத்து ஒரு குண்டுமணியாவது கத்துக்கங்க" என்று இடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அந்தத் தங்கம் என்ன ஆகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். அவளுடைய அப்பா கால் விந்தி நடந்தவர். அவர் செத்த பிறகும் அந்த மனிதரை இவன் விடவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'நொண்டி பெத்த தண்டம்' என்று கூப்பிட்டதுதான் அதிகம். கையும் ஓங்குவான். அதுவும் சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்து.

ஒரே ஒரு தடவை அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய அண்ணன் எங்கள் பட்டறையில்தான் சட்டம் அடிக்கிற தச்சர். வேலை வாங்கிக் கொடுத்தவன் தங்கம். இவள் போய் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னபோது, இழைப்புளியை அவர் நிறுத்தக்கூட இல்லை.

"மாப்பிள்ள மாதிரி ஒருத்தர் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். நீ ஏதாவது மொறைச்சிருப்ப, அவரு ரெண்டு வார்த்த சொல்லியிருப்பாரு. போ, போய் வேலயப் பாரு."

அத்தோடு விட்டாரா? டீ குடிக்கும்போது தங்கத்திடமே சிரித்துக்கொண்டு சொன்னார்: "என்ன மாப்பிள்ள, தங்கச்சி உங்க மேல புகார் பத்திரம் வாசிக்குது!" தங்கமும் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவன் முறுக்கிய மணிக்கட்டுதான். இன்றும் கனமான ரெக்ஸினை ஊசிக்கடியில் தள்ளும்போது இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. உள்ளே கறுவிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் கிளிக்கு உடம்புக்கு வந்தது.

எங்கள் முதலாளி தனிக்கட்டை. அவருக்கு உறவு என்று இருந்தது அந்தக் கிளி ஒன்றுதான். பட்டறை வாசலிலேயே கூண்டு. யார் உள்ளே வந்தாலும் முதலாளி குரலிலேயே, "வாங்க, உக்காந்து பாருங்க!" என்று கூப்பிடும். பாதி வியாபாரம் அதனால்தான் என்று அவர் பீற்றிக்கொள்வார். திடீரென்று அதன் குரல் கரகரத்தது. பிறகு பேச்சே நின்றது. இறகுகளை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டியது.

பறவைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு முதலாளியைத் திட்டினாராம். "பழைய சோபாவக் கிழிக்கறப்போ வர்ற பூஞ்ச தூசி முழுக்க இது நெஞ்சுலதான் இருக்கு. மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல போய் உக்காந்திருக்கு. குரல் வர்றதே அங்கேர்ந்துதான். மொதல்ல பட்டறைய விட்டு எடுங்க. மாசக்கணக்குல வைத்தியம் பண்ணணும். அப்பவும் பொழைக்குமான்னு சொல்ல முடியாது."

முதலாளி கண் கலங்கிப்போய் நின்றார். தங்கம் ஒரு அடி முன்னால் வந்தான். "எங்க வீட்ல வச்சு நான் பாத்துக்கறேன் முதலாளி." எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்தது. மனிதன் என்றால் இவனல்லவா மனிதன்!

மனிதன் கூண்டைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டுப் பெண்டாட்டியிடம் சொன்னது இதுதான்: "இது செத்துச்சுன்னா உன்னத் தொலச்சிடுவேன்."

அன்றிலிருந்து அவளுக்கு இடுப்பொடிந்தது. காலையும் மாலையும் கூண்டைப் போர்வையால் மூடி, நெபுலைசர் குழாயை உள்ளே விட்டு மருந்துப் புகை பிடிக்க வைக்க வேண்டும். துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கசப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தானாகத் தின்னாது, வெதுவெதுப்பான கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் ஊட்ட வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். அடுக்களைத் தராசில் அதை உட்கார வைப்பதற்குள் கட்டை விரலில் கொத்திச் சதையை எடுத்துவிடும்.

"மொதல்ல எனக்கு அதக் கண்டாலே ஆகல அக்கா" என்றாள் பிற்பாடு என்னிடம். "இவருக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்க நான் பீ அள்ளணுமான்னு இருந்துச்சு. சாகட்டும்னு ஒரு நாள் காலை மருந்தக் குடுக்காம விட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் தங்கம் சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு ஆறிப்போயிருந்ததாம். தட்டை ணங்கென்று தள்ளிவிட்டுக் கத்தினான். "நொண்டி பெத்த தண்டம்! எடுத்துட்டுப் போ!" அவள் குனிந்து சோற்றை அள்ளும்போது நிமிர்ந்து பார்த்தாள். நாள் முழுக்கக் கண்ணை மூடிக் கிடந்த கிளி கழுத்தைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்மணி சுருங்கி விரிந்தது, சுருங்கி விரிந்தது. கிளி எதையாவது கவனமாகக் கேட்கும்போது அப்படிச் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய் அவள் மருந்தை எடுத்தாள்.

மறுநாள் கூண்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். "இது மறுபடி பேசுமா டாக்டர்?"

"உயிர் பொழைச்சாப் போதாதாம்மா?"

"போதாது. பேசணும்."

டாக்டரம்மா உருகிப்போய்விட்டார். பறவைமேல் இவ்வளவு பிரியமா என்று கேட்டு, மருந்தின் அளவை இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாராம். பிரியமாவது ஒன்றாவது! அவளுக்கு வேண்டியது ஒரு சாட்சி. அவள் வாயால் சொன்னால் அண்ணன்கூட நம்பவில்லை. அவன் குரலிலேயே வெளியே வந்தால்? அதற்கு இந்தக் கிளி பிழைக்க வேண்டும், தொண்டை திறக்க வேண்டும், பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அதன்பிறகு அந்தக் கிளியை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். குளிரில் அதற்குப் பக்கத்தில் பல்பு எரியவிட்டாள். தாளிக்கிற புகை ஆகாதென்று அடுப்பை எடுத்துக் கொல்லையில் வைத்துச் சமைத்தாள். எடை ஒரு கிராம் ஏறினால் அவளுக்குப் பசி தெரியாது. இறங்கினால் சோறு இறங்காது. ஒரு மழை நாளில் அது கம்பியிலிருந்து கீழே விழுந்து, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது, குனிந்து அதன் காதருகே சொல்லிக்கொண்டே போனாளாம்: "செத்துடாத. சொல்லிட்டுச் சாவு. சொல்லிட்டுச் சாவு." பக்கத்து ஸீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். டாக்டரம்மா ஆக்ஸிஜன் பெட்டிக்குள் வைத்து அதைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"கிளி மேல ஆசையே வரலியாடி உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல அக்கா. அது மூச்ச விடறதக் கேட்டுத்தான் நான் மூச்ச விட்டேன். அது ஆசையான்னு எனக்குத் தெரியல."

ஒரு முற்பகலில், கழுவிய தட்டை மேடையில் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் புருஷன் குரல்: "நொண்டி பெத்த தண்டம்! எடுத்துட்டுப் போ!" கையிலிருந்த கரண்டி விழுந்தது, சுவரோடு ஒண்டினாள். வீட்டில் அவன் இல்லை. கூண்டிலிருந்து கிளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வயிறு வலிக்கும்வரை. பிறகு எழுந்து ஒரு சூரியகாந்தி விதையை உரித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கிளி ஒவ்வொரு தடவை திட்டும்போதும் அதற்கு ஒரு விதை கிடைத்தது.

அவன் வீட்டில் இருக்கும்போது கூண்டின்மேல் கனமான துணி. "வெளிச்சம் படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள். இருட்டில் கிளி பேசாது. அவன் காதில் பட்டிருந்தால் அப்போதே கழுத்தைத் திருகியிருப்பான். ஆக, புருஷன் வாயால் ஒரு வேளை, கிளி வாயால் பத்து வேளை என்று ஒரே வசவை அவள் நாள் முழுக்க வாங்கிக்கொண்டாள். விதை உரித்துக் கொடுத்து வசவு வாங்கிய பெண் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள்.

கடைசியில் கிளிக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலாளி பட்டறை முன்பக்கத்தில் தூசி புகாதபடி கண்ணாடி அறை கட்டி வைத்திருந்தார். கிளி வருகிறதென்று மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கே கூடினோம். தங்கம் கூண்டைத் தூக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளைபோல வந்தான். பின்னால் அவள், மருந்துப் பையோடு. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார்.

முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். தங்கம் பேசினான். "வாயில்லா ஜீவன் முதலாளி. நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா தூக்கம் வருமா? அதே மாதிரிதான்." முதலாளி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிளி வாயே திறக்கவில்லை. அவள் சுவரோரம் நின்று கூண்டையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அப்போது காரணம் தெரியாது.

யாரோ பிஸ்கட் தட்டை மேஜைமேல் ணங்கென்று வைத்தார்கள்.

"நொண்டி பெத்த தண்டம்! எடுத்துட்டுப் போ!"

எல்லோரும் தங்கத்தைத் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு அச்சு அசல் அவன் குரல். ஆனால் அவன் வாய் நிறைய பிஸ்கட் இருந்தது.

மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தான். கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக் கூடாது. "டிவி முதலாளி, டிவி! இவ பாக்கற சீரியல்லேர்ந்து புடிச்சிருக்கு!" இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் 'நொண்டி' என்ற சொல் அவருக்கு எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். உதடு பாதியில் நின்றுவிட்டது.

கிளி நிறுத்தவில்லை. தட்டு உருளுகிற சத்தத்தைச் செய்தது. பிறகு வேறொரு குரல் வந்தது. மெல்லிய குரல்.

"மெதுவாங்க... மெதுவாங்க. வெளியில கேக்கும்."

அவளுக்கே அது அதிர்ச்சி. அவள் விதை கொடுத்து வளர்த்தது அவன் பேச்சை மட்டும்தான். இதைக் கிளி ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. தான் கெஞ்சுவதைத் தன் காதால் கேட்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதுவும் எங்கள் அத்தனை பேர் முன்னால். முகம் வெளுத்துப்போய், கூண்டை மூடுகிற துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். கிளி மறுபடியும் சொன்னது. "வெளியில கேக்கும்." அவள் துணியைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடி வாங்கிக்கொண்டே, இத்தனை வருஷம் அந்தத் தங்கத்துக்கு மெருகு போட்டு வைத்தவளும் இவள்தான்.

தங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை குரலை அண்ணனுக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"எத்தன நாளாம்மா?"

"நான் வந்து உன் முன்னாடி நின்னேனே. அதுக்கும் முன்னாடியிருந்து."

உறை போடாத ஒரு சோபாச் சட்டத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அவள் வீட்டுப் பூட்டை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். வேலையை முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானாக இருந்தால் தண்ணீரும் கொடுத்திருக்க மாட்டேன்.

தங்கத்தை முதலாளி உடனே வேலையைவிட்டு நிறுத்தவில்லை, யோசிக்கலாம் என்றார். அவனும் ஒன்றுமே நடக்காததுபோல மறுநாள் வேலைக்கு வந்தான். யோசிக்கிற வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவன் கண்ணாடி அறைப் பக்கம் போகும்போதெல்லாம் எங்களில் யாருக்காவது டீ தாகம் எடுக்கும். தட்டு ணங்கென்று மேஜையில் உட்காரும். கிளி திட்டும். சோபா பார்க்க வந்தவர்கள், "யாரு குரல் இது?" என்று கேட்பார்கள். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம், அவனைக் கையால் காட்டுவோம். நான் நெளித்துவைத்த தட்டுகளுக்கு முதலாளி என்னிடம் காசு எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போன தங்கம் திரும்பி வரவே இல்லை.

அதற்கடுத்த மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்து என் பக்கத்து மிஷினுக்கு வந்தாள். காலையில் வந்ததும் முதலில் கிளியை எடை பார்ப்பாள், மருந்து கொடுப்பாள், பிறகுதான் ஊசியில் நூல் கோப்பாள். கிளி இப்போது முதலாளி குரலில் உட்காரவும் சொல்கிறது, தங்கத்தின் குரலில் திட்டவும் திட்டுகிறது. சில நேரம் அந்த மெல்லிய குரலும் வரும். அப்போது தையல்காரிகள் நாங்கள் எல்லோரும் மிதிப்பதை நிறுத்திவிடுவோம்.

"மெதுவாங்க. வெளியில கேக்கும்."

அவள் நிறுத்த மாட்டாள். துணியிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் சத்தமாகச் சொல்வாள்:

"கேக்கட்டும்."