சலங்கைப் பை தானாக ஒலித்த மதியம்

ஆடுகிறவர்களுக்குக் கைதட்டல், சலங்கை கட்டிவிடுகிறவர்களுக்கு முழங்கால் வலி: நாட்டியத் தொண்டில் எங்கும் இதுதான் பங்கீடு. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

யாங்கோன் நகரின் நடுவே, பழைய கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் மன்றம் இருக்கிறது. பரதம், மிருதங்கம், பாட்டு எல்லாவற்றையும் யார் வந்து கேட்டாலும் இலவசமாகச் சொல்லித் தருகிறோம். தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள், நேபாளிப் பிள்ளைகள் வருகிறார்கள், பர்மியப் பிள்ளைகள் எல்லோரையும்விட முன்னதாக வருகிறார்கள். நான் பிறந்தது இங்கேதான். படித்தது திருச்சியில், அத்தை வீட்டில் தங்கி, கன்னியாஸ்திரிகள் பள்ளியில். அங்கே முழங்கால் போடவும் விளிம்பு தைக்கவும் கற்றுத் தந்தார்கள், ஆடக் கற்றுத் தரவில்லை. அதனால் மன்றத்தில் எனக்குக் கிடைத்த வேலை சலங்கை கட்டுவது, உடுப்புக்கு ஊசி குத்துவது, பாட்டுப் பெட்டியின் பொத்தானை அமுக்குவது. என் மகள் பவிக்கு ஆறு வயது. அவள் முதல் வரிசையில் ஆடுவாள்.

குதிரைக்கு வராத சிரிப்பு

டாக்ஸி ஓட்டும் ஊ மியோ தன் மகளை முதல் நாள் வகுப்புக்கு அழைத்து வந்தார். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசி, புது லுங்கி கட்டி, கோயிலுக்கு வந்தவர்போல் வாசலிலேயே நின்றார். நான் சிறுமியின் காலில் சலங்கையைச் சுற்றச் சுற்ற அவர் கழுத்து நீண்டுகொண்டே போனது. கட்டி முடித்ததும் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி வைத்தாள், சத்தம் கேட்டுத் தானே பயந்தாள், பிறகு சிரித்தாள், பிறகு கூடம் முழுக்க ஓடினாள்.

ஊ மியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்மீஸில் சொன்னார்: "எங்க தாத்தா குதிரை வண்டியிலும் இதே மணிதான். ஆனா குதிரை ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்லை."

முன்கூட்டியே

எங்கள் ஆசிரியை கல்யாணி. எல்லோருக்கும் 'சயாமா'தான், இங்கே டீச்சர் என்பதற்கு அதுதான் சொல். பாடம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் சயாமா யாரையும் விடமாட்டார். "உன்னை மிதிக்கப் போறேன், பொறுத்துக்கோ தாயேன்னு கேட்டுட்டுத்தான் கால் தூக்கணும்" என்பார். புதிதாக வந்த பர்மியப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று நான் தவித்தபோது, கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் திரி முன்னால் வந்தாள். எங்கள் மாணவிகளில் அவள்தான் மூத்தவள். தண்ணீர்த் திருவிழா நாட்களில் பர்மியர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள், 'கடோ' என்று பெயர். அதைச் சொல்லியே பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டாள். நான் வாய் பிளந்து நின்றேன்.

திரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நாங்க தப்பு செஞ்ச பிறகு மன்னிப்பு கேட்போம், அக்கா. நீங்க முன்கூட்டியே கேட்டு வச்சுக்கிறீங்க. கெட்டிக்காரங்க!"

பை ஒலித்தது

கோடை விடுமுறை வகுப்பு. எங்கள் வீடு இருக்கும் இன்சீனிலிருந்து நானும் பவியும் நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில்தான் வருவோம். அன்றைக்கு அது வழியில் நின்று நின்று வந்தது. நாங்கள் படியேறும்போதே மேலே தரையைக் காலால் தட்டும் தட்டடவு மூன்றாம் காலத்துக்கு, அதாவது முழு வேகத்துக்குப் போய்விட்டது. பவி செருப்பை உதறிவிட்டு நேரே வரிசைக்குள் ஓடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பூமி ஆடியது. முதலில் மின்விசிறி சாய்ந்து சுற்றியது. சுவரில் ஆணியில் தொங்கிய சலங்கைப் பை, யாரும் தொடாமல், மெதுவாக ஒலிக்கத் தொடங்கியது. சகோதரிகளே, எத்தனையோ மேடைகளில் சலங்கை கேட்டிருக்கிறேன். அந்தப் பை ஒலித்ததைப்போல ஒன்றைக் கேட்டதில்லை. கால் இல்லாத ஆட்டம். நான் கை குவித்தது பக்தியாலா பயத்தாலா என்று இன்றும் தெரியவில்லை. சயாமா தாளம் தட்டும் கழியைப் போட்டுவிட்டுக் கத்த, எல்லோரும் கைகோத்துத் தெருவுக்கு இறங்கினோம். எங்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மாலையில் மாண்டலே பக்கத்துச் செய்திகள் வர ஆரம்பித்தன. சரிந்த வீடுகளை என் கைபேசியில் பவியும் எட்டிப் பார்த்துவிட்டாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் கும்பிடாம மிதிச்சுட்டேன்மா. அதான் பூமிக்குக் கோபம். அந்த வீடெல்லாம் நான்தான்."

டம்ளர்

மறுநாளிலிருந்து பவி நுனிக்காலில் நடந்தாள். வீட்டில், சந்தையில், ரயில் மேடையில், எங்கேயும் குதிகாலைத் தரையில் வைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுக் காலில் ஒரு குறையும் இல்லை என்றார். நானும் படித்தவள் அல்லவா, பூமிக்கு அடியில் பாறைகள் நகர்வதைத் தேநீரில் மிதக்கும் பிஸ்கட்டை வைத்து விளக்கினேன். "அப்ப நான் மிதிக்கும்போது மட்டும் ஏன் நகர்ந்துச்சு?" என்றாள். நீ மிதித்தது மாடிப் பலகையைத்தானே, பூமியையா மிதித்தாய் என்று கேட்டேன். "பலகைக்குக் கீழே வீடு, வீட்டுக்குக் கீழே பூமிதானே?" என்றாள். பிஸ்கட் கரைந்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் தினமும் சொன்னேன். சொல்லும்போதே என் கண் அலமாரியின் மேலே போகும். அங்கே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். மறுபடி ஆடினால் முதலில் தண்ணீர் அசையுமாம், யாரோ சொன்னார்கள். சாப்பாடு ஊட்டும்போதும், அலோன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவருக்குக் கதவு திறக்கும்போதும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

ஒரு நாள் பவி என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "பயமில்லைன்னா நீ ஏன் டம்ளரையே பாக்கறே?"

மரியாதை

வீடிழந்தவர்களுக்கு அரிசியும் போர்வையும் சேர்க்க, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு கோயில் மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தோம். பாலத்தின் மேல் பஸ் போகும்போது நான் எனக்குத் தெரிந்த ஜெபங்களையும் சுலோகங்களையும் கலந்து சொன்னேன். பவி ஆடமாட்டேன் என்றுவிட்டாள். சலங்கைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள், அது ஒலித்துவிடக் கூடாதாம்.

பாதி ஆட்டத்தில் மீ போய்விட்டது. கரண்டுக்கு இங்கே மீ என்போம், அது போவது புதிதல்ல. பாட்டு அறுந்தது. நான் செத்துப்போன பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பெண்கள் நிறுத்தவில்லை. பாட்டு இல்லை, மிருதங்கம் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் கால்கள் மட்டும். தெய்யா தெய், தெய்யா தெய். திரி முன்னால், மற்றவர்கள் பின்னால், ஒரு கால்போல. கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. இத்தனை காலமாக இந்தக் கால்களுக்குத்தானா நான் வார் இழுத்துக் கட்டினேன் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முடிந்ததும் ஒரு பெண் திரைக்குப் பின்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் மா சூ. ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மாண்டலே பக்கம், வீடு போய்விட்டது, இங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்காவிடம் வந்திருக்கிறாள். நன்றி சொல்ல வந்தவளைப் பவி நிமிர்ந்து பார்த்தாள். நான் தடுக்கும் முன் பர்மீஸில், அவளுக்கு அதுதான் தமிழைவிட வேகமாக வரும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரயில், கும்பிடாதது, மிதித்தது, வீடுகள்.

மா சூ தரையில் உட்கார்ந்தாள். நல்ல கையால் பவியின் பாதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அது அவளுக்கு ஒரு சாண்கூட இல்லை. அவள் முகம் அழப்போவதுபோல் கோணியது, ஆனால் வந்தது ஒரு அதட்டல்: "இந்தக் காலுக்கா என் வீடு விழும்? என் புருஷன் கட்டின வீடு அது, மரியாதையா பேசு!"

முதல் மிதி

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ் நிறுத்தத்துக்குப் பவி நுனிக்காலில்தான் நடந்தாள். ஆனால் வழியெல்லாம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அளவெடுப்பதுபோல.

அடுத்த வகுப்பில் தானாக எழுந்து வரிசைக்குப் போனாள். பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். மறுபடி ஒற்றினாள். சயாமா கழியைத் தூக்கியபடி காத்திருந்தார். பவி காலைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, நீ முதல்ல மிதி" என்றாள்.

சகோதரிகளே, நான் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இரண்டாம் மாடி, பழைய பலகை, சுவரில் அதே பை. ஆனால் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே பெண்களும் கட்டும் லுங்கியைத் தூக்கிச் செருகினேன். குனிந்து தரையைத் தொட்டேன், பொறுத்துக்கோ தாயே என்று நிஜமாகவே கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி மிதித்தேன். பலகை அதிர்ந்தது. குதிகாலிலிருந்து மண்டைவரை ஏதோ ஏறியது. அதைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது நானும் பவியும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பை ஒலிக்கவில்லை. பிறகு என் பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குதிகால் முழுதாகத் தரையில் விழுந்த சத்தம்.

நான் அழுதுகொண்டே நின்றேன். சயாமா கழியால் மணையைத் தட்டினார்: "அழறது அப்புறம். முழங்கால் வளையட்டும், அம்மாவுக்குன்னு தனி அரைமண்டி கிடையாது."

பயம் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள்: அலமாரியின் மேல் டம்ளர் இன்னும் இருக்கிறது, ஆடிவிட்டு வந்தால் எங்கள் இருவருக்கும் தாகம் எடுப்பதால் அதில் தண்ணீர்தான் நிற்பதில்லை.