தண்ணி பத்தல

குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் நடக்கும்போது மயக்கம் கொடுக்கிற டாக்டர் நான். பாதத்தைத் தொட்டுப் பார்த்தே உடம்பில் தண்ணி போதுமா, போதாதா என்று சொல்லிவிடுவேன் என்று எங்கள் தியேட்டரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை அதிகம் பரப்பியதும் நான்தான்.

அப்புறம், இதய ஸ்கேன் பார்க்கிற டாக்டராக மேடம் வந்து சேர்ந்தார். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. குழந்தையின் உணவுக்குழாய்க்குள் மெல்லிய ஸ்கேன் குழாய் ஒன்றை இறக்கி, அடிக்கிற இதயத்தைத் திரையில் காட்டுவார். நர்சுகளுக்கு என் கை மறந்துபோயிற்று. எதற்கெடுத்தாலும், மேடம் பார்த்துவிட்டார்களா என்றுதான் கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். மாத்திரை போட்டும் அடங்காத எரிச்சல்.

அன்றைக்கு வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரின் சின்ன மகளுக்கு ஆபரேஷன். இதயத்தின் ஓட்டையை அடைத்து, அதுவரை இதயத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்த மெஷினிலிருந்து விடுவித்ததும் பிரஷர் மளமளவென்று இறங்கியது. பாதத்தைத் தொட்டேன். தண்ணி போதும், இதயம்தான் சோர்ந்திருக்கிறது என்று தீர்ப்பு சொல்லி, அதை முடுக்கிவிடும் மருந்தைக் கேட்டேன்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதயம் நல்லாத்தான் அடிக்குது சார். உள்ளதான் காலி. ரெண்டு பக்கச் சுவரும் ஒட்டிக்குது பாருங்க. தண்ணி பத்தல."

பார்த்தேன். வெறும் பையைக் கசக்குவதுபோல் இருந்தது. திரை கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி மனசு ஆசைப்பட்டது. குழந்தை அப்படிக் கிடக்கும்போது படுகிற ஆசையா அது? மருந்தை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி ஏற்றினோம். சுவர்கள் விலகின. பிரஷர் ஏறியது.

நல்ல சேதியையாவது நாம் சொல்வோம் என்று முந்திக்கொண்டு வெளியே போனேன். காத்திருந்த அப்பா அம்மாவிடம், நடுவில் தண்ணி குறைந்துவிட்டது, கொடுத்ததும் பிள்ளை தேறிவிட்டாள் என்றேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தம் முதலில் வரும் என்பதை மறந்துவிட்டேன்.

அப்பா பதறினார். "ஆஸ்பத்திரிக்கு வந்ததுலேந்து நான் தொடவே இல்ல சார்."

"எல்லாத்தையும் நீயே குடிச்சா புள்ளைக்கு எப்படிப் பத்தும்?" என்றார் அம்மா, அழுகையும் சிரிப்புமாக. பிறகு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "நீங்கதானே சார் கண்டுபுடிச்சீங்க?"

பதிலுக்கு என் கையும் பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் மேடம் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

"இவங்கதாம்மா" என்றேன்.

கூப்பிய கைகள் அப்படியே என்னைத் தாண்டித் திரும்பின. பாதி எழுந்த கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே. தலையைச் சொறிந்துகொண்டேன்.