வெந்நீருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஓர் அணில்

மல்லேஸ்வரத்துக்கு வரும் மார்கழிக் குளிர் முதலில் எங்கள் அப்பாவைத்தான் பிடிக்கும். வெந்நீர் இல்லாமல் அவர் குளிக்கமாட்டார். குளிக்காமல் கோயிலுக்குப் போக அம்மா விடமாட்டாள். கோயிலுக்குப் போகாவிட்டால் விடியற்காலைப் பூஜையின் வெண்பொங்கல் கிடையாது. மற்ற மாதங்களில் அவர் பக்தி சாதாரண அளவில்தான் இருக்கும்.

அந்த மார்கழியில் ஒருநாள், கீசரைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் கீசர் குளியலறைப் பரணுக்குள் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்து, ஏறிய வேகத்திலேயே இறங்கினார்.

“வயரை அணில் கடிச்சிருக்கு மேடம். கீசர் பின்னாடி கூடு கட்டி, மூணு மரி போட்டிருக்கு.” குட்டிகளைத்தான் கன்னடத்தில் சொன்னார். “நாரு, பஞ்செல்லாம் வயர் மேலயே கிடக்கு. கூடு காலியானாத்தான் நான் கை வைப்பேன்.”

“கண்ணு திறக்காத குட்டிங்க. யாரும் தொடக்கூடாது,” என்றாள் அம்மா. “ராமரே தடவிக் குடுத்த முதுகு.”

“ராமர் ஆத்துல குளிச்சாரு. நான் எதுல குளிக்கிறது?” என்றார் அப்பா.

அம்மா அடுப்பில் காய்ச்சிக் கொடுத்த வெந்நீர் அரை பக்கெட் தேறியது. அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இது எனக்கா, ரசத்துக்கா?” என்று கேட்டார். அன்று கோயிலும் இல்லை, பொங்கலும் இல்லை.

பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சர்வர் அறைகள் சூடாகாமல் இருக்கக் குளிரூட்டும் அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. எதையும் வரிசைப்படுத்திவிட்டால் பாதி முடிந்தது என்று நம்புகிறவள். இடம் வசதிப்படாவிட்டால் தாய் அணிலே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று படித்தேன். ஆகவே, ஒன்று: சத்தம். இரண்டு: வெளிச்சம். மூன்றாவது தேவைப்படாது என்று நினைத்தேன்.

சத்தத்துக்கு, பரணில் ஸ்பீக்கர் வைத்து என் ஆபீஸ் மீட்டிங்கை ஓடவிட்டேன். அணில் தூங்கிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சத்துக்கு, வீட்டில் கிடந்த பழைய குண்டு பல்பைக் கூட்டுக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிட்டேன். அணில் இன்னும் கொஞ்சம் தேங்காய் நார் கொண்டுவந்து, பல்பு இருந்த பக்கமாகக் கூட்டைப் பெரிதாக்கியது.

மறுநாள் காலை அப்பாவே ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினார். “அம்மாடி, இங்க கதகதன்னு இருக்கு!”

குண்டு பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். என் தொழிலின் முதல் பாடம் அது.

“ஆபீஸ்ல மெஷினுக்கு ஏசி. வீட்ல அணிலுக்கு ஹீட்டர். பெத்த அப்பனுக்குப் பச்சத்தண்ணி!” என்றபடி பல்பைக் கழற்றப் போனவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூட்டின் நடுவே காப்பிக்கொட்டை நிறத்தில் கம்பளி. வீடெல்லாம் தேடியும் கிடைக்காத அப்பாவின் குரங்குக் குல்லா. அதற்குள் மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

“உருவிடட்டுமாப்பா?”

“வேணாம்மா. அதுங்களுக்குக் குளிரும்ல.”

பல்பை அப்படியே விட்டு இறங்கினார். துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பச்சைத்தண்ணீரின் முதல் சொம்பு விழுந்ததும் “கோவிந்தா!” என்று ஓர் அலறல். இரண்டாவது சொம்புக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாவதற்கு, பரண் ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியே அணில் வெளியே பாய்ந்தது. அதன் வாயில் ஒரு குட்டி. வாசலில் இருந்த செண்பக மரத்தில் அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

உள்ளே சத்தம் ஓய்ந்தது. குளித்து முடித்துவிட்டார் போல.

“இன்னும் ரெண்டு குட்டி இருக்கு!” என்று அம்மா கதவைத் தட்டினாள். “நல்லா ஊத்திக்குங்க!”

அன்று அப்பா ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடி, தொன்னை நிறையப் பொங்கலோடு வந்தார். மாலையில் கீசரும் சரியானது. அம்மா குல்லாவைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அடுத்த நாள் அப்பா காப்பியும் கையுமாக மாடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அணில் கொடியில் உட்கார்ந்து குல்லாவின் கம்பளி நூலை உருவிக்கொண்டிருந்தது.

“விரட்டலையாப்பா?”

“இரு. காதுப் பக்கம் முடிச்சிட்டுப் போகட்டும்.”