பதினேழாவது அசைவு

அடுப்பில் பால் பொங்குவதற்குள் அக்கா பதினாறு அசைவுகளை முடித்துவிடுவார். குத்து, தடுப்பு, உதை, திரும்பி மறுபடி ஒரு குத்து. பதினேழாவதில்தான் வம்பு. நேராக முன்னேறி அடிக்க வேண்டிய இடத்தில் இடது காலை ஒதுக்கி, அரைவட்டமாகச் சுற்றி, அதற்குப் பிறகுதான் அடிப்பார். அதற்குள் பால் வழிந்து அடுப்பும் அணைந்திருக்கும்.

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. வயது ஐம்பத்து மூன்று. கராத்தே வகுப்பில் எல்லோருக்கும் அக்கா. கறுப்பு பெல்ட்டுக்காக இரண்டு முறை தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். மூன்றாவதிலும் தோற்றால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதுவரை முட்டி தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கட்டா என்பது இல்லாத எதிரிகளோடு தனியாளாகப் போடும் சண்டை. இருபத்தேழு அசைவுகள், வரிசை மாறக்கூடாது. ஆனால் சொல்லிக்கொடுப்பவர் மாறினால் கட்டாவும் கொஞ்சம் மாறிவிடும். வகுப்பில் ஒருவர் ஒன்பதாவதில் கத்துவார். வேறு பள்ளியிலிருந்து வந்தவர் பத்தாவதில் கத்துவார். ஒருவருக்குக் கை காதோரம், இன்னொருவருக்கு இடுப்போரம். அக்கா எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார். பதினேழில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நேரா போனா செத்தீங்க! அங்க ஒருத்தன் கத்தியோட நிக்கிறான். அவனைச் சுத்திப் போய்ப் பின்னாடி இருக்கிறவனை அடிக்கணும். எங்க பழைய மாஸ்டர் சும்மாவா வச்சிருப்பாரு?"

இரண்டு தேர்விலும் தேர்வாளருக்கு இதே பாடத்தை நடத்தினார். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே ஃபெயில் போட்டார்.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவின் கணவர் வாயைத் திறந்தார். கொசுவைக்கூடச் சரியாக அடிக்கத் தெரியாத மனிதர். பழைய வகுப்பு நடந்தது ஒரு டயர் கோடவுனின் மாடியில். தினமும் மனைவியை அங்கே கொண்டுபோய் விட்டு, உள்ளே பார்த்தபடி வாசற்படியிலேயே காத்திருந்தவர்.

"ஏம்மா, அங்க நட்டநடுவுல ஒரு தூண் இருந்துச்சுல்ல? அதைத்தானே எல்லாரும் சுத்திப் போவீங்க?"

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. தூண் இருந்தது அக்காவுக்கும் தெரியும். அதையும் பதினேழாவதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கத்திக்காரனுக்காகப் பன்னிரண்டு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதை நினைத்து அவமானமாக இருந்தது. இரண்டு நாள் கணவரோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் வெடித்தார். "தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ எங்க என்னைப் பேசவிட்ட?"

மூன்றாவது தேர்வு பெரிய மண்டபம் ஒன்றில் நடந்தது. பெயருக்குக்கூட ஒரு தூண் இல்லை. பதினாறு வரை அக்கா தண்ணீர் பட்ட பாடாகப் போட்டார். பதினேழாவதில் நேராகப் போனார். போனார் என்றால், கண்ணை இறுக்கி மூடி, தோளைச் சுருக்கி, இதோ நெற்றி புடைக்கப்போகிறது என்ற முகத்தோடு போனார். எதுவும் இடிக்கவில்லை. மிச்சம் பத்தையும் ஒரே மூச்சில் முடித்தார்.

"கண்ணை ஏம்மா மூடுனீங்க?" என்றார் தேர்வாளர்.

"பழக்க தோஷங்க."

அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கறுப்பு பெல்ட்டை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கி, அழுதுகொண்டே இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வாசலில் இருந்த கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, சற்றுமுன் அக்கா கண்ணை மூடிய அதே இடத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அய்யோ, அங்க நிக்காதீங்க!"

அவர் கையைப் பற்றி, வெடுக்கென்று இரண்டடி தள்ளி இழுத்து நிறுத்திவிட்டு, அவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார் அக்கா.