நாய்க்குப் போட்ட மிக்சர்

எழுதிப் பழக்கமில்லாத நான் எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே வெளிநாட்டில், நான் இருக்கும் ஸ்டோவ்னரில் கண்ட அந்த நாய்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். நரைத்த மீசை, சிவப்புக் கம்பளித் தொப்பி. நாய்க்கு எதைக் கொடுத்தாலும், முதலில் கண்ணாடியைப் போட்டுப் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிப்பார்.

ஒரு பின்னேரம் கடைத்தொகுதிக்கு வெளியே மர வாங்கில் குந்தியிருந்து மிக்சர் சாப்பிட்டேன். பக்கத்தில் அவர் யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நாய் என் வாயையே பார்த்தது. ஒருவர் பார்த்திருக்கச் சாப்பிட்டால் நாவூறு பட்டு வயிறு வலிக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் கொஞ்சம் போட்டேன்.

அவர் கண்டுவிட்டார். "எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"நாலைஞ்சு கடலைதான் அண்ணை. நாவூறு படுமெண்டு..."

பொட்டலத்தை வாங்கி வாசித்தார். முகம் மாறியது. "உப்பு கூடிப்போச்சு. உள்ளிப்பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் கிடக்கு. உது நாய்க்குக் கூடாது!"

அவர் உடனே மிருக வைத்தியருக்கு போன் எடுத்தார். பெரிய நாய், தின்றதும் கொஞ்சம்தான், தண்ணீர் கொடுத்துக் கவனித்தால் போதும் என்றாராம் வைத்தியர்.

"பயப்பிடாதையுங்கோ. ஆனால் இது இனி உங்களிட்டை இருக்கப்படாது," என்று சிரித்தபடி, நாய் பார்க்கப் பார்க்க மிச்ச மிக்சரைத் தானே தின்று முடித்தார். தான் தின்னும்போது மட்டும் கண்ணாடி போட்டு வாசிக்கவில்லை. ஏனென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் நாய் சுகமாக இருந்தது. அவருக்குத்தான் வயிற்றுவலி.