நர்ஸம்மா சொன்ன சாட்சி

எங்கள் ஜமாஅத்தின் பழைய பதிவேட்டில் ஒரு வரி இன்றும் காலியாகக் கிடக்கிறது. அதற்கு மேலே ‘குழந்தை அழவில்லை’ என்று நான் எழுதியது. கீழே நர்ஸம்மாவின் கையெழுத்து.

எடமலைப்பட்டி புதூரில் ஜமாஅத் அலுவலகத்துக்கு அப்போது நான் எழுத்தர். பொன்மலை ரயில்வே பட்டறைக்கு ஷிப்டுக்குப் போன ஒருவர் பைக் விபத்தில் இறந்தார். மனைவி நிறைமாதம். பிறந்த ஆண்பிள்ளையும் தங்கவில்லை. இறந்தவரின் அண்ணன்தான் ஜமாஅத் பொருளாளர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பிள்ளை இறந்தே பிறந்தது என்றால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கால் பங்குதான், மீதி அண்ணனுக்கு. எதையாவது கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம். உயிரோடு பிறந்து இறந்தது என்றால் தகப்பன் சொத்து பிள்ளைக்குப் போய், அதிலிருந்து தாய்க்கும் ஒரு பங்கு வந்து, எல்லாம் சேர்ந்தால் பாதிக்குக் கிட்ட ஆகும். ஓர் அறையும் அடுப்படியுமாவது மிஞ்சும். அவள் கேட்டதோ வேறு. “என் புள்ள உசுரோட இருந்தான்னு எழுதிக் குடுங்க, அது போதும்” என்றாள்.

இப்படிப்பட்ட விஷயத்தில் பிரசவம் பார்த்தவள் ஒருத்தியின் சாட்சியே போதும், ஆண்கள் போகாத இடத்தில் அவள்தான் விவரம் தெரிந்தவள் என்றார் எங்கள் இமாம் ஹஜ்ரத். அதனால் ஸ்ரீரங்கத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. கூடக் குறைய ஒரு சொல் பேசாத வாய்.

“புள்ள அழுதுச்சாம்மா?” என்று ஹஜ்ரத் கேட்டார்.

“அழலை.”

அதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, ஹஜ்ரத் எழுந்து போனார். நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். “அழலை. ஆனா மூச்சு விட்டுது, நாலு நிமிஷம். என் விரலைப் பிடிச்சுண்டுது. அதையும் எழுதிக்கோங்கோ.”

பொருளாளர் என் தோளில் கை வைத்தார். “ஹஜ்ரத் கேட்டதுக்குப் பதில் வந்தாச்சுல்ல? அது போதும்.”

பேனாவை மூடிவிட்டேன். சீ, என்ன பிழைப்பு! நர்ஸம்மா படித்துப் பார்த்துவிட்டு, “மூச்சு விட்டதைக் காணோமே?” என்றார். “இடம் விட்டிருக்கேம்மா, எழுதிடறேன்” என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான், பிள்ளை இறந்தே பிறந்தது என்று ஹஜ்ரத் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் ஒரு பெட்டியோடு தொட்டியத்துக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். மூச்சும் அசைவும்கூட உயிருக்கு அடையாளம்தான் என்று பிறகு மார்க்கம் படித்த வேறோர் ஆலிம் சொல்லிக் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க மாட்டேன். தெரிந்திருந்தாலும் பேனாவை மூடியிருப்பேன்.

போன மாதம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நர்ஸம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் கேட்டார்: “அந்த வரியை எழுதினேளோ?”

“எழுதிட்டேம்மா.”

“அப்பாடா! இருந்த குழந்தையை இல்லேன்னு சொன்ன பாவம் எனக்கு வேண்டாம்னு பெருமாள்கிட்ட சொல்லிண்டே இருந்தேன்.”

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல.

பொருளாளர் இன்றும் முதல் வரிசையில் நின்று தொழுகிறார். இப்போது நான் ஜமாஅத்தின் செயலாளர். பதிவேடு என் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். வரி காலியாகவே இருக்கிறது.