மூன்று நொடிக் கதவு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், கெஞ்சுகிற ஆள் நான் இல்லை. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு வந்ததில்லை. எனக்கு வந்தது மத்தியானம், நல்ல வெயிலில்.

எங்கள் கம்பெனி லிஃப்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பது எக்ஸ்எம்எல் என்கிற ஒரு செட்டிங் ஃபைலில் இருக்கும். ஒரே வரி. எட்டு என்றிருந்ததை டீம் லீட் மூன்றாக்கினார். லிஃப்ட் வேகமாகப் போகுமாம், கஸ்டமர் கைதட்டுவாராம். நான் சோதித்து ‘பாஸ்’ போட்டால் இன்ஸ்டாலர் தயாராகும். அப்புறம் இருநூறு கட்டடத்துக் கதவும் மூன்று நொடிதான்.

என் வேலை நிரந்தரமா இல்லையா என்று எழுதப்போகிறவரும் அவரே. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அம்மா ஆபீஸ்களில் தரை துடைக்கிறாள். முட்டிவலி. மூன்று நொடியில் ஒரு காலைத்தான் தூக்கி வைப்பாள். இதை அவரிடம் சொன்னேன்.

“உங்கம்மாவுக்காக லிஃப்ட் செய்யலம்மா நாம,” என்றார். பெரிய அறிவாளி.

சோதனை அறையில் லிஃப்ட் கிடையாது. நிஜக் கதவு, சட்டம், குறுக்கே ஏதாவது இருந்தால் கதவைத் திறந்துவிடும் சென்சார். கதவுக்குப் பின்னால் சுவர்.

3.35. ஃபைலை ஏற்றினேன். கதவு திறந்தது. மூன்று நொடியில் மூட வந்தது. பாதியில் எதிலோ முட்டித் திரும்பத் திறந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. சென்சாரைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி முட்டியது. இந்தத் தடவை சத்தத்தோடு. ணங்… தகர வாளியில் இடித்த மாதிரி.

3.40. அவருக்குப் போன் போட்டேன்.

“சார், கதவுல ஏதோ மாட்டுது. மூணு நொடி பத்தல.”

“யாராவது நிக்கிறாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன, பேயா?” சிரிப்பு. பின்னால் டிவி சத்தம். “பாஸ் போட்டுட்டுக் கிளம்பு. படிச்சவங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இதெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்காது.”

போனை வைத்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

ஈரம். கதவு வரைக்கும் இரண்டு கோடு. சக்கரம் உருண்ட தடம்.

கிரீச்…

என் முதுகுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை. கை மட்டும் கீபோர்டுக்குப் போனது. மூன்றை அழித்தேன். எட்டு. ஏற்றினேன்.

கதவு திறந்தது.

கிரீச்… கிரீச்… என்னைத் தாண்டிப் போனது. சோப்புத் தண்ணீர் வாசனை.

நான்கு… ஐந்து…

சக்கரம் சட்டத்தில் ஏறி இறங்கியது.

ஏழு…

“அப்பாடா.”

பெண் குரல். சுவர் இருக்கிற இடத்திலிருந்து.

கதவு மூடியது.

மூன்று நொடிக்கு ‘ஃபெயில்’ என்று எழுதிவிட்டு ஓடினேன். தெருவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“எங்கம்மா இருக்க?”

“வீட்லதான். ஏண்டி மூச்சு வாங்குது?”

திங்கட்கிழமை தெரிந்தது. என் சோதனைக்குக் காத்திருக்காமல், கஸ்டமரிடம் பீற்றிக்கொள்ள, சனிக்கிழமையே ஒரு கட்டடத்தில் அந்த ஃபைலை மாற்றிவைத்திருக்கிறார் அறிவாளி. அங்கே லிஃப்ட் பழசு, சென்சார் வேலை செய்யாது. தரை துடைக்கிற ஒரு பெண் சக்கர வாளியோடு ஏறப் போயிருக்கிறார். வாளி உள்ளே. அவர் பாதி வெளியே. லிஃப்ட் கிளம்பிவிட்டது.

ஞாயிறு, 4.10.

நான் அந்தக் குரலைக் கேட்டபோது மணி நாலுகூட ஆகவில்லை. அப்போது அந்தப் பெண் உயிரோடு ஏதோ ஒரு மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். போனில் சிரித்த ஆளுக்கு ஃபைல் எங்கே ஓடுகிறது என்று தெரியும். எனக்குத் தெரியாது.

பழி சென்சார் மேல் விழுந்தது. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி என்னை அனுப்பினார்கள். டீம் லீட் இப்போது மேனேஜர், ஏழாவது மாடியில் தனி அறை. ஆனால் படியில்தான் ஏறுகிறாராம், முட்டியைப் பிடித்துக்கொண்டு. அங்கே வேலை செய்யும் தோழி சொன்னாள்.

அவர் உள்ளே நின்றால் மட்டும் லிஃப்ட் கதவு மூடுவதில்லையாம்.